மாப்பிள்ளை ஏறிய பேட்டரி கார்

வேலையை மோசமாகச் செய்து அவமானப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நான் வேலையை நன்றாகச் செய்ததால் அவமானப்பட்டவன். அன்றைக்கு நான் வைத்த வெல்டிங் கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால், ஒரு உதை விட்டுத் திறந்திருக்கலாம். என் மாமனார் வீட்டில் நான் இன்னமும் தலை நிமிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என் கெட்ட நேரம், என் கை சுத்தம்.

எனக்குச் சங்கரன்கோவிலில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை. இருபது வருடத் தொழில். எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேட்டரி வாங்க வருகிறார்கள், மீதிப் பேர் திட்டு வாங்க வருகிறார்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்று என்று சொல்லி அனுப்புவேன். வீட்டுக்குப் போய் போர் தண்ணீரை ஊற்றுவான். எங்கள் ஊர் போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது. அதை பேட்டரியில் ஊற்றினால் என்ன ஆகும்? ஆறே மாதத்தில் செத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க குடுத்த பேட்டரி சரியில்ல அண்ணாச்சி" என்பான். இதற்கு மேல் நான் கோபப்படாமல் இருந்தால்தான் எனக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே புதிதாக ஒரு கல்யாண மண்டபம் வந்தது. ரோட்டில் இருக்கும் கேட்டிலிருந்து மண்டபத்து வாசலுக்கு நல்ல தூரம். வயதானவர்கள் நடந்து வந்தால் தாலி கட்டி முடிந்துவிடும். அதனால் மண்டபத்து முதலாளி, குற்றாலம் பக்கம் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழைய பேட்டரி கார் ஒன்று வாங்கி வந்தார். கதவு இல்லாமல், மேலே கூரை மட்டும் வைத்து, மூன்று வரிசை சீட்டோடு சத்தமில்லாமல் போகுமே, அது. கோல்ஃப் விளையாடுகிறவர்கள் மைதானத்தைச் சுற்றி வருவதற்காகச் செய்த வண்டியாம். சங்கரன்கோவிலில் கோல்ஃப் கிடையாது. கல்யாணம் உண்டு.

அந்த வண்டிக்கு ஆறு பேட்டரி. எல்லாம் ஈய பேட்டரி, ஒவ்வொன்றும் ஒரு அரிசி மூட்டை கனம். மண்டபத்து வாட்ச்மேன் சுடலைதான் அதற்கு டிரைவர். நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் என்ன ஊற்றினான் என்று.

"ஏன்வே, நான் கேன்ல குடுத்த தண்ணி எங்க?"

"அது சும்மா கலங்கல் இல்லாம நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. சமையல்காரர் மோருக்கு ஊத்திட்டாரு."

இரண்டு தடவை பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவது தடவை முதலாளி என்னைக் கூப்பிட்டபோது, நான் ஒரு முடிவோடு போனேன். லித்தியம். தண்ணீரே ஊற்ற வேண்டாம், கனமும் கால்வாசி. வண்டிக்கு என்று ரெடிமேடாக வருவதை வாங்கிப் போடலாம். ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. செல்லைத் தனித்தனியாக வரவழைத்து, நானே கோத்து, நானே பெட்டி செய்து மாட்டுகிறேன் என்றேன். முதலாளி நல்ல மனுஷர், நம்பினார்.

பதினாறு செல் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. செல்களுக்கு நடுவே கொடுக்க வேண்டிய அட்டை, செம்புப் பட்டை, ஏதாவது தப்பு நடந்தால் கரண்டை வெட்டிவிடும் பாதுகாப்பு போர்டு எல்லாம் வந்தது. எப்படிக் கோப்பது என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பேசியவர் இந்திக்காரர். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் கை வேலைக்குப் பாஷை எதற்கு? அவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தேன். கடைசியில் மனுஷர் வேலையை முடித்துவிட்டு, ஒரு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் ஏதோ பேசினார். நான் அதைத் தள்ளிவிட்டேன். (பின்னாளில் இந்தி தெரிந்த ஒருவரை உட்கார வைத்து அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டேன். நான் செய்த தப்பு ஒவ்வொன்றையும் மனுஷர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.)

செல் கோத்ததில் குறை இல்லை. இன்றுவரை அந்த செல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. பிரச்சினை பெட்டியில். சுடலை மாதிரி ஆட்கள் இருக்கிற ஊரில் மூடியைத் திறக்கிற மாதிரி வைத்தால் அதற்குள்ளும் எதையாவது ஊற்றுவார்கள். அதோடு எலி வேறு. மண்டபத்து எலி, விருந்து சாப்பிட்டு வளர்ந்தது. ஒயரைக் கடித்தால் முடிந்தது கதை. அதனால் சீட்டுக்குக் கீழே இரும்புத் தகட்டில் பெட்டி செய்து, மேலே மூடி, பின்னால் மோட்டார் இருக்கிற இடம்வரை அடியிலும் ஒரு தகடு கொடுத்து, சுற்றிலும் வெல்டிங் வைத்தேன். விட்டுவிட்டு வைக்கவில்லை. ஒரே கோடாக, இடைவெளி இல்லாமல். சார்ஜர் சொருக ஒரு ஓட்டை மட்டும்தான் வெளியே.

நான் படுத்துக்கொண்டு அடித்தகடு வைக்கும்போது சுடலை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, மோட்டார் கிட்ட ஒரு கம்பி நீட்டிக்கிட்டு நிக்கில்லா. அத மூடிட்டியளே."

"அது எதுக்கு உனக்கு?"

"எனக்கு எதுக்கு. வண்டிய லாரில கொண்டு வந்த டிரைவர் இறக்குதப்போ அதத்தான் ஒரு தள்ளு தள்ளுனாரு. அதான் கேட்டேன்."

"அவன் கை சும்மா இருக்காது, எதையாவது தள்ளுவான். நீ போய் கேட்டைப் பாருவே."

சுடலை கேட்டைப் பார்க்கப் போனான். நான் அந்தக் கம்பிக்கு மேலே தகட்டை வைத்து, நல்ல அழுத்தமாக இன்னொரு கோடு வெல்டிங் இழுத்தேன்.

வண்டியை எடுத்தால், காற்று மாதிரி போயிற்று. பழைய கனமெல்லாம் போய்விட்டதல்லவா? எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மீட்டர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள். முன்பெல்லாம் இரண்டு சுற்றுப் போனாலே முள் பாதிக்கு இறங்கிவிடும். இப்போது காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓட்டினாலும் முள் மேலேயேதான் நின்றது. மறுநாளும் அங்கேயே. ஒரு வாரம் காய்கறி மூட்டையும் பாத்திரமும் ஏற்றி ஓட்டினோம். சார்ஜே போடவில்லை. முள் அசையவில்லை. நான் மண்டபத்துக்கு வருகிற போகிற எல்லோரையும் கூப்பிட்டு அந்த முள்ளைக் காட்டினேன். கடை வேலையை விட்டுவிட்டு வந்து காட்டினேன்.

இப்போது சொல்கிறேன். அந்த மீட்டர் ஈய பேட்டரிக்குச் செய்தது. ஈய பேட்டரி தீரத் தீர வோல்ட் இறங்கும், முள்ளும் கூடவே இறங்கும். லித்தியம் அப்படி இல்லை. கடைசிச் சொட்டுவரை வோல்ட்டை விடாமல் பிடித்திருக்கும். பாவம், அந்த முள்ளுக்கு என்ன தெரியும்? இருபது வருடம் பேட்டரி விற்றவனுக்கே தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் என் கொழுந்தியா சங்கரிக்குக் கல்யாணம் வந்தது. அதே மண்டபம். மாப்பிள்ளை ராயகிரி.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனவடலிசத்திரத்தில் விவசாயம். அதிகம் பேச மாட்டார். பொய் சொல்லவே மாட்டார். யாராவது வீட்டுக்குக் கடன் கேட்டு வந்தால்கூட உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர். என்னை அவருக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. என் கல்யாணத்தன்றே பந்தியில் நான் சமையல்காரனோடு சண்டை போட்டேன். (ரசத்தில் உப்பு இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.) அன்றிலிருந்து அவர் எனக்கு எந்தப் பொறுப்பும் கொடுத்ததில்லை. வீட்டு விசேஷம் என்றால் நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மூத்த மருமகனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று மருமகனாக இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதனால் நானே கேட்டு வாங்கினேன். "மாப்பிள்ளை அழைப்பை நான் பார்த்துக்கிடுதேன் மாமா. நம்ம பேட்டரி கார்லயே கூட்டிட்டு வந்திருவோம்."

அவர் யோசித்தார். "கார் சொல்லிருவோமே மாப்ளே. எல்லாரும் கார்லதான வாராங்க."

"எல்லாரும் வருத மாதிரி எதுக்கு மாமா? இது நாலு பக்கமும் தொறந்த வண்டி. மாப்பிள்ளை சாமி மாதிரி உக்காந்து வருவாரு. ஊரே பாக்கும்."

(ஊரே பார்த்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை.)

மாமனார் என் மனைவி கோமதியைப் பார்த்தார். கோமதி ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "குடுங்கப்பா. அவுக செஞ்ச வண்டிதான. நான் சொல்லுதேன், ஒண்ணும் ஆவாது" என்றாள். அவள் வாக்குக் கொடுத்துத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதை நான் மறக்கக் கூடாது. அவளும் மறக்க விட்டதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் சுடலை சார்ஜர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, எதுக்கும் ஒரு தடவ சார்ஜ் போட்டுருவோமா?"

நான் அவனை முள்ளுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனேன். "எங்கன நிக்கி?"

"மேலதான் நிக்கி."

"வயிறு நிறைஞ்சவன் வாயில சோத்தத் திணிப்பியாவே?"

சுடலை ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனான்.

காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து மாப்பிள்ளையை ஏற்றி, வழியில் பிள்ளையார் கோவிலில் கும்பிட வைத்து, மேளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டி வர வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஏறிவிட்டால், பெண் வீட்டார் மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதான் இறங்க வேண்டும். சாமி கும்பிட மட்டும் விதிவிலக்கு. வேறு எங்கும் கால் தரையில் படக் கூடாது. அதை மாப்பிள்ளையின் தாய்மாமா என்னிடம் நான்கு தடவை சொன்னார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய ரோஷம். வண்டியைச் சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என்னவே, ஆஸ்பத்திரில நோயாளியத் தள்ளிக்கிட்டுப் போற வண்டி மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோமதி முகத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

வண்டி முழுக்க மல்லிகையும் அரளியும் தொங்கவிட்டிருந்தேன். முன்னால் நான் ஸ்டியரிங்கில், பக்கத்தில் சுடலை. நடுவில் மாப்பிள்ளை, தோழன். பின்னால் தாய்மாமாவும் மாப்பிள்ளையின் அம்மாவும். முன்னே மேளம். நடையை விடக் குறைந்த வேகம். பிள்ளையார் கோவில் நன்றாகவே முடிந்தது. தெருவில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம், "சத்தமே இல்லயே அண்ணாச்சி" என்றார். நான் முள்ளைக் காட்டினேன். கூட்டத்தின் நடுவில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தெரியாத ஆளுக்கு முள்ளைக் காட்டினேன்.

பூ மார்க்கெட் பக்கம் திரும்பினோம். மணி ஒன்பதே முக்கால். சந்தை கலையும் நேரம், கூடையும் மூட்டையும் பாதி ரோட்டை அடைத்துக்கிடந்தது. அந்த இடத்தில், ஏழு நாள் எட்டு நாள் அசையாமல் நின்ற முள், ஒரே நொடியில் படுத்தது. வண்டி 'டக்' என்று நின்றது.

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருபது அடி போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்து, அப்படியே பின்பக்கமாக நடந்து வந்தார்கள், வாசிப்பை நிறுத்தாமல்.

பேட்டரி தீர்ந்தது, பாதுகாப்பு போர்டு வெட்டிவிட்டது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்றேன். நான்கு பேர் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள். டயர் தேய்ந்து ரோட்டில் கறுப்பாகக் கோடு விழுந்தது, சக்கரம் உருளவில்லை. பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு வாழைத்தார் லாரி.

எங்கள் ஊர், தேர் இழுத்துப் பழகிய ஊர். நகராத வண்டி ஒன்றைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "இதத் தள்ளக் கூடாதுவே, இழுக்கணும்" என்றார். எங்கிருந்தோ ஒரு கயிறு வந்தது. இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு கட்டையோடு வந்தார். கயிற்றை முன்பக்கம் கட்டி, முப்பது பேர் வரிசையாகப் பிடித்து, ஒரே குரலில் சத்தம் கொடுத்து இழுத்தார்கள். மேளக்காரரும் பழக்க தோஷத்தில் தேர் இழுக்கும்போது அடிக்கிற அடியை அடித்தார். பூ அலங்காரம் மொத்தமும் கழன்று மாப்பிள்ளை தலையில் விழுந்தது. வண்டி ஒரு முழம் இழுபட்டது, உருளவில்லை.

பூக்காரம்மா ஒருத்தி கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு வெயிலு படுதுல்லா. ஒரு குடையாவது பிடிங்க. சாமிக்குன்னா பிடிப்பிய."

தாய்மாமா பின்சீட்டிலிருந்து எழுந்து நின்றார். "இதுக்குத்தான் எங்க பிள்ளைய இதுல ஏத்துனியளா?"

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒன்றுதான் இடம். பக்கத்தில் சுடலையும் படுத்தான். கொஞ்ச நேரத்தில் மூன்றாவதாக ஒருவர் குனிந்து தலையை நீட்டினார். வாழைத்தார் லாரியில் வந்தவர், கடையநல்லூர் பாய். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் இதே மாதிரி வண்டி எட்டு வருடம் ஓட்டியவராம்.

"அண்ணாச்சி, கரண்டு போனா இதுல பிரேக் தானா பிடிச்சுக்கிடும். ஆயிரம் பேர் வந்தாலும் நகராது. மோட்டார் கிட்ட ஒரு கம்பி இருக்கும் பாருங்க. அத ஒரு விரலால தள்ளுனா போதும், பிரேக் விட்டுரும்."

நான் மேலே பார்த்தேன். என் மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் என் வெல்டிங். ஒரே கோடு. இடைவெளி இல்லை. உண்மையிலேயே நல்ல வேலை.

சுடலை ரொம்ப நிதானமாகக் கேட்டான். "அந்தக் கம்பியா அண்ணாச்சி?"

நான் அந்த வெல்டிங் கோட்டை விரலால் தடவினேன்.

"நான் அன்னைக்கே கேட்டேம்லா."

"வெட்டிருவோம்னா கிரைண்டர் வேணும்" என்றார் பாய்.

கிரைண்டர் கடையில் இருந்தது. போய் எடுத்து வந்து, ஒரு கடையில் கரண்டு கேட்டு வாங்கி, பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையை மேலே வைத்துக்கொண்டு கீழே தீப்பொறி பறக்க வெட்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அப்போது மணி பத்து ஆகப் போகிறது. பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது.

வெளியே வந்தேன். "மாப்பிள்ளை, கொஞ்ச தூரந்தான். இறங்கி நடந்திருவோமா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை, பாவம், இறங்கக் காலை எடுத்தார். தாய்மாமா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உக்காருடா. ஆரத்தி எடுக்காம நடுரோட்டுல இறங்கி நடக்க நாம என்ன சந்தைக்கா வந்திருக்கோம்? இறங்குனா ராயகிரிக்குத்தான் இறங்குவோம்." என்னைப் பார்த்தார். "உங்க மாமனார வரச் சொல்லும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மண்டபத்தில் சங்கரி மணப்பெண் அலங்காரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்பட ஆளே கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பு என்னிடமே வந்து நின்றது.

கோமதிக்குப் போன் போட்டேன். "வண்டி நின்னுட்டு. வெல்டிங் வச்சு மூடிட்டேன். அவரு இறங்க விட மாட்டேங்காரு" என்றேன். இதற்கு எந்த மனைவியும் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. அவள், "எங்கன?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் விலகியது. என் மாமனார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஸ்கூட்டரில் வருகிறார். பின்னால் கோமதி, மடியில் ஆரத்தித் தட்டு, சிந்தாமல் இருக்க ஒரு கையால் மூடிக்கொண்டு.

இறங்கியவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்று, கற்பூரத்தை ஏற்றினாள். தாய்மாமா வாயைத் திறப்பதற்குள் பேசினாள்.

"மாமா, கோவிச்சுக்கிடாதிய. முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு. எங்க வீட்டுக்கு வார மாப்பிள்ளை, இங்கன ஆரத்தி வாங்கி இறங்கி, கடைசி தூரம் நடந்துதான் வரணும். அது எங்க வழக்கம்."

எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது, நான் அப்படி நடந்தா வந்தேன் என்று. (நான் வாடகைக் காரில் வந்தேன். ஏசி வேலை செய்யவில்லை என்று டிரைவரோடு சண்டை போட்டேன்.)

தாய்மாமா கண்ணைச் சுருக்கினார். "வழக்கமா? அப்ப ஏம்மா இந்த வண்டி, இந்தக் கயிறு, இத்தன பேர் இழுத்தது எல்லாம்?"

"இவுக வழக்கத்த மீறி மண்டபத்துக்கே கொண்டு போயிருவோம்னு பாத்தாக மாமா. நீங்கதான் கூடவே இருந்தியளே. இத்தன பேர் இழுத்தாங்க. அசஞ்சுதா?"

தாய்மாமா வண்டியைப் பார்த்தார். ரோட்டில் கிடந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பக்தி வந்தது. ஆனாலும் லேசில் விடுகிற ஆள் இல்லை. என் மாமனார் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, நீங்க சொல்லுங்க. இது நெசமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனுஷர் அறுபத்தைந்து வயதுவரை பொய் சொல்லாதவர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமனார் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என் தொழிலில் வோல்ட் கணக்கு கிடையாது.

"ஆமா" என்றார். "எங்க பாட்டன் காலத்துல இருந்து."

பாய் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குக் கம்பி விஷயம் தெரியும். வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து, "அண்ணே, நீங்க கண்டிப்பா இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "மட்டனா?" என்று கேட்டார். "கல்யாண வீடு, சைவந்தான்" என்றேன். "பரவால்ல, பாயசம் இருக்கும்லா" என்றார். வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை இறங்கினார். கோமதி ஆரத்தி சுற்றினாள். வைகாசி வெயிலில், புதுச் செருப்பு காலைக் கடிக்க, மேளத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை நடந்தார். பக்கத்தில் தாய்மாமா, ஏதோ சாமி ஊர்வலத்தை நடத்திப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கயிறு இழுத்த முப்பது பேரும் பின்னாலேயே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். பத்து மணி இருபது நிமிடத்துக்குத் தாலி கட்டியாயிற்று. அதை நான் பார்க்கவில்லை. நடு ரோட்டில் படுத்துக் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை வெட்டி எடுத்ததும் சுடலை கையை விட்டு, அந்தக் கம்பியைச் சுண்டு விரலால் தள்ளினான். வண்டி தானாக உருண்டது. பின்னால் நின்ற பஸ்காரர் கைதட்டினார்.

சாயங்காலம் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "மாப்ளே, அந்த வெல்டிங்க யாரு வச்சா?" என்று கேட்டார். "நான்தான் மாமா." "நம்ம மோட்டார் ரூம் கதவுக்கும் ஒண்ணு வச்சுக் குடும். திருடன் தொல்ல." அவ்வளவுதான் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். கதவு திறக்கிற மாதிரிதான்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர் என்றால் அதற்கப்புறம் எங்கள் வீட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் வருவார் இல்லையா? ராயகிரித் தாய்மாமா ஒன்று விடாமல் வருவார். வந்து, மாப்பிள்ளை எங்கே இறங்குகிறார் என்று பார்ப்பார். சங்கரிக்கு அடுத்து என் மச்சினன் கல்யாணம், பெண் ஊரான குருவிகுளத்தில் நடந்தது. அது எங்கள் பெண் இல்லையே, விட்டுவிடலாம் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. வீட்டு வழக்கம் பையனுக்கும் உண்டு என்று அவரே முடிவு செய்து நடக்க வைத்தார். அப்புறம் பெரியப்பா வீட்டில் ஒன்று, சித்தப்பா வீட்டில் இரண்டு. எல்லா மாப்பிள்ளையும் நடந்தார்கள். பத்திரிகையிலேயே 'மாப்பிள்ளை நடை அழைப்பு' என்று நேரம் போட்டு அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் நான் எதையாவது ரிப்பேர் பார்த்து முடித்தால், என் மகள்கூட, "கம்பிக்கு வழி விட்டியாப்பா?" என்று கேட்கிறாள்.

போன மாதம் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மதுரை, கம்ப்யூட்டர் வேலை. கோவில் வாசலில் காரிலிருந்து இறக்கி, நடக்க வேண்டும் என்றதும் ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராயகிரித் தாய்மாமா முன்னால் வந்தார். மீசை நரைத்துவிட்டது, ரோஷம் நரைக்கவில்லை.

"தம்பி, இது முந்நூறு வருசத்துப் பழக்கம். இவங்க முன்னோர் காலத்துல ஒரு மாப்பிள்ளைய ரதத்துல கூட்டிட்டு வந்தாங்க. பாதி வழில குலசாமி மறிச்சுட்டு. ஊரே திரண்டு வடம் பிடிச்சு இழுத்துச்சு. ரதம் ஒரு சாண் அசையல. மாப்பிள்ளை இறங்கி நடந்த பொறவுதான் சாமி வழி விட்டுச்சு." சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "வேணும்னா இவர்ட்ட கேளுங்க. மூத்த மருமகன். இவருக்கு எல்லாம் தெரியும்."

மதுரை மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் மாமனார் வேறு எங்கோ பார்த்தார். கோமதி ஆரத்தித் தட்டோடு எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆமா" என்றேன். "அசையல."

மாப்பிள்ளை செருப்பைச் சரி செய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். மேளம் கிளம்பியது. கோமதி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உதடு அசையாமல் சொன்னாள்:

"சுடல சொன்னதக் கேட்டிருந்தா சாமி மறிச்சிருக்காது."